கையில் காசில்லை, காலம் இருக்கிறது

தனியாளாக முழுநீளப் படம் எடுக்கக் கிளம்புகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது கேமராவைப் பற்றித்தான். எந்த கேமரா வாங்கலாம், செல்போனில் எடுத்தால் ஏற்றுக்கொள்வார்களா என்று. இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்குப் பாதிவழியில்தான் வருகிறது. சொற்பப் பணத்தில் எடுக்கப்பட்டு உலகம் பார்த்த படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கேமரா ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கும். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, பணத்துக்கு ஈடாகக் கொட்டப்பட்ட காலம். அசாமின் ரீமா தாஸ் தன் சொந்த ஊரில் 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' படத்தை எடுத்தபோது எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், தயாரிப்பு எல்லாம் அவரே. ஒலிப்பதிவுக்கு உறவுப் பெண் மல்லிகா தாஸ் கூட நின்றார். நடித்தவர்கள் ஊர்ப் பிள்ளைகள். படப்பிடிப்பு மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 2017இல் டொரண்டோ விழாவில் திரையிடப்பட்ட அந்தப் படம், அடுத்த ஆண்டு சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. எடிட்டிங்குக்கும், நேரடி ஒலிப்பதிவுக்கும், நடித்த சிறுமிக்கும் தனித்தனியாக விருதுகள் கிடைத்தன. கிறிஸ்டோபர் நோலனின் முதல் படமான 'ஃபாலோயிங்' (1998), வார நாட்களில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நண்பர்களை வைத்துச் சனிக்கிழமைகளில் மட்டும் ஏறக்குறைய ஓராண்டு எடுக்கப்பட்டது. ஷேன் கருத்தின் 'ப்ரைமர்' (2004) சில வாரங்களில் எடுக்கப்பட்டாலும் அதை முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

உடனே எழும் மறுப்பு: ராபர்ட் ரோட்ரிகஸ் 'எல் மரியாச்சி'யை 14 நாட்களில், ஏழாயிரம் டாலர் சொச்சத்தில் எடுக்கவில்லையா? 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' 7 நாட்களில் முடியவில்லையா? முடிந்தது. ஆனால் அந்த நாள் கணக்கு கேமரா ஓடிய நாட்களை மட்டுமே சொல்கிறது. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யின் இயக்குநர் ஓரென் பெலி தன் வீட்டைப் படப்பிடிப்புக்குத் தயார் செய்யவே ஏறத்தாழ ஓராண்டு எடுத்துக்கொண்டார். ரோட்ரிகஸ் ஒவ்வொரு ஷாட்டையும் மனதுக்குள் வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேமராவை ஓட்டினார்; பிறகு மாதக்கணக்கில் எடிட்டிங் செய்தார். அந்த ஏழாயிரம், படத்தை வீடியோ வடிவில் முடிப்பதற்கான செலவு மட்டும்தான். கொலம்பியா நிறுவனம் வாங்கியபின் தியேட்டர் பிரதிக்கும் ஒலிக்கும் செலவிட்டது அதைப்போல் பல மடங்கு. இந்தத் தொகைகளைப் படித்துவிட்டு அதே கணக்கில் இறங்குகிறவர்கள் பாதியில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஆக, இந்த அத்தியாயத்தின் அடிப்படை ஒரு பாகுபாடு. உங்கள் காலம் வேறு, உங்களுக்காக வந்து நிற்பவர்களின் காலம் வேறு. முன்னதைத் தாராளமாகச் செலவிடலாம். பின்னது கடன். சம்பளம் வாங்காமல் வருகிற நண்பர் முதல் நாள் பத்து மணி நேரம் வெயிலில் காத்திருந்தால் மூன்றாம் நாள் போனை எடுக்க மாட்டார். முன்தயாரிப்பிலும் எடிட்டிங்கிலும் மாதங்களைக் கொட்டுங்கள். படப்பிடிப்பு நாளில் நிமிடங்களை எண்ணுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்து பிறப்பவை.

எழுதும் முன் கணக்கெடுங்கள்

கதையை எழுதி முடித்துவிட்டு அதற்கான இடத்தையும் ஆட்களையும் தேடுவது பணம் உள்ளவர்களின் வழி. உங்களுக்கு அது தலைகீழாக நடக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பின்வருவனவற்றை இந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

1. கேட்டால் கிடைக்கும் இடங்கள். ஒவ்வொன்றுக்கும் சாவி யாரிடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, பிளக் பாயின்ட் எங்கே, பக்கத்தில் என்ன சத்தம். லேத் பட்டறையும் ஒலிபெருக்கி வைத்த கோயிலும் இருக்கிற தெருவை அன்றே அடித்துவிடுங்கள்.
2. வரக்கூடிய ஆட்கள். எந்தக் கிழமைகளில், எத்தனை மாதங்களுக்கு? வெளியூர் வேலை, கல்யாணம், மொட்டை நேர்த்திக்கடன் ஏதும் வரப்போகிறதா?
3. இரவலாகக் கிடைக்கும் பொருட்களும் வண்டிகளும்.
4. ஊரில் தானாக நடப்பவை: திருவிழா, அறுவடை, ஏரி நிரம்புவது, சந்தை. பணம் கொடுத்தால் லட்சக்கணக்கில் ஆகும் காட்சிகள் இவைதான். 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' படத்தின் வெள்ளம் அந்த ஊருக்கு வழக்கமாக வருகிற வெள்ளம்.
5. இந்த நான்கு பக்கங்களையும் எதிரில் வைத்துக்கொண்டு கதையை எழுதுங்கள். முக்கியப் பாத்திரங்கள் நான்குக்குள், முக்கிய இடங்கள் மூன்றுக்குள் இருக்கட்டும். பட்டியலில் இல்லாத ஒன்று காட்சியில் வந்தால் அடிக்கோடிட்டு, அந்தக் காட்சியைத் திருப்பி எழுதுங்கள்.

இப்படி எழுதினால் கற்பனை குறுகிவிடாதா என்று கேட்பார்கள். குறுகத்தான் செய்யும், ஆனால் எல்லை தெரிந்தபின் கற்பனை எங்கே உழைப்பது என்று கண்டுகொள்கிறது. ரோட்ரிகஸுக்கு எல்லையோர மெக்சிகோ ஊரான சியுதாத் அகுன்யாவில் நண்பரின் தயவால் ஒரு பாரும், ஒரு பண்ணையும், ஒரு பேருந்தும், ஒரு நாயும் கிடைத்தன. கதை அவற்றைச் சுற்றி வளர்ந்தது. நோலனிடம் இருந்தவை லண்டன் தெருக்கள், நண்பர்களின் குடியிருப்புகள், பெற்றோர் வீடு. எனவே முன்பின் தெரியாதவர்களின் பின்னால் நடந்து, பிறர் வீடுகளுக்குள் நுழைகிறவனைப் பற்றி எழுதினார். இரண்டு படங்களிலும் இல்லாத ஒன்றுக்காக ஏங்கி நிற்கும் காட்சியைக் காண முடியாது. செலவில்லாப் படங்கள் ஏழ்மையாகத் தெரிவது பெரும்பாலும் எழுத்தில் செய்த பிழையால்தான். காவல் நிலையம் கிடைக்காமல் ஓர் அறையில் மேசை போட்டு 'காவல் நிலையம்' என்று பலகை மாட்டினால் பார்ப்பவர் அக்கணமே வெளியேறிவிடுவார். அதே விசாரணையை டீக்கடை பெஞ்சில் வைத்தால் காட்சிக்கு வலு கூடும்.

காலம் இழுத்தாலும் உடையாத கதை

காலத்தை முதலீடாக வைப்பதில் மெய்யான ஆபத்து ஒன்று உண்டு. மனிதர்கள் மாறுகிறார்கள், இடம் மாறுகிறது. சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யில் சிறுவன் அப்புவும் அக்கா துர்காவும் ரயிலைப் பார்க்கும் நாணல் வெளியை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுக்கத் தொடங்கினார். அடுத்த ஞாயிறு திரும்பிப் போனால் வெள்ளைப் பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மிச்சத்தை எடுக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது. பணத்தட்டுப்பாட்டால் அந்தப் படம் 1952 முதல் 1955 வரை இழுத்தபோது, சிறுவனின் குரல் உடையாததையும், சிறுமி சட்டென வளர்ந்துவிடாததையும், மூதாட்டியாக நடித்த சுனிபாலா தேவி உயிரோடு இருந்ததையும் ராய் அற்புதங்களாகவே கருதினார். அற்புதத்தை நம்பித் திட்டம் போட முடியாது. ஆகவே:

1. ஓர் இடத்தில் நடக்கும் காட்சிகள் அனைத்தையும் ஒரே பருவத்தில் முடியுங்கள். செடி, பயிர், சுவரொட்டி எதுவும் அடுத்த மாதம் அப்படியே இருக்காது.
2. பாத்திரத்தின் உடை, செருப்பு, வாட்ச், பொட்டு எல்லாவற்றையும் தனிப் பையில் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நடிகரிடம் விட்டால் சட்டை சாயம் போய் வரும்.
3. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் முன், பின், பக்கம் என மூன்று புகைப்படங்கள். கோப்புக்குக் காட்சி எண்ணையே பெயராக வையுங்கள்.
4. தாடி, நீள முடி போன்ற பராமரிக்கக் கடினமான தோற்றங்களைத் தவிருங்கள்.
5. படத்தின் முடிவுக் காட்சியை முதல் மூன்றில் ஒரு பங்கு நாட்களுக்குள் எடுத்துவிடுங்கள். யாராவது நடுவில் விலகினால் இடைக்காட்சிகளை மாற்றி எழுதலாம். முடிவு கையில் இல்லாவிட்டால் படமே இல்லை.

இன்னும் நல்ல வழி, மாற்றத்தைக் கதைக்குள்ளேயே வரவழைப்பது. பிள்ளைகள் வளர்வதும் மழையும் வெயிலும் மாறி வருவதும் கதையின் பகுதியாக இருந்தால் மூன்றாண்டு இடைவெளி குறையாகத் தெரியாது. ஒரே இரவில் நடக்கும் கதையை ஓராண்டில் எடுப்பதுதான் தனியாளுக்கு மிகக் கடினமானது.

முதல் ரூபாய் ஒலிக்கு

கையில் இருக்கும் சிறு தொகையில் முதல் செலவு மைக்குக்குத்தான். படம் சற்றே மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியாவிட்டால் பொறுக்க மாட்டார். கேமராவிலேயே இருக்கும் மைக்கை நம்புவது புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. சிறிய ரெக்கார்டர் ஒன்று, காலர் மைக் இரண்டு, முடிந்தால் கம்பில் கட்டிப் பிடிக்க ஒரு பூம் மைக். கேமரா வாங்கும் எண்ணத்தை ஒத்திப்போட்டாவது இவற்றை ஏற்பாடு செய்யுங்கள்.

1. அறைக்குள் நுழைந்ததும் கண்ணை மூடி ஒரு நிமிடம் கேளுங்கள். மின்விசிறி, பிரிட்ஜ், மோட்டார், பக்கத்து வீட்டுக் குக்கர். நிறுத்தக்கூடியதை நிறுத்துங்கள். பிரிட்ஜை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள்; மறுபடி போடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.
2. பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக இருக்கட்டும். உரத்த வசனம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பைத் தொட்டு உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.
3. கேமரா ஓடியதும் அதன் முன் ஒருமுறை கை தட்டுங்கள். ஒலியையும் படத்தையும் சேர்க்க அது போதும்.
4. காட்சி முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெற்று ஒலியை ஒரு நிமிடம் பதியுங்கள். எடிட்டிங்கில் வசனங்களுக்கு இடையே ஒட்டுப் போட இது வேண்டும்.

தமிழ் சினிமாவில் டப்பிங் வழக்கம்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்பது அடுத்த மறுப்பு. தொழில்முறை நடிகர்களுக்கும் மணிக்கணக்கில் வாடகை கட்டும் ஸ்டூடியோவுக்கும் அது சரி. முதன்முறை நடிக்கும் ஒருவர், ஆறு மாதம் கழித்துக் கண்ணாடி அறைக்குள் நின்று தன் உதட்டுக்குத் தானே பேசும்போது, ஒரிஜினலில் இருந்த உயிர் போய்விடும். வேறு வழியில்லாத இடத்தில் ரோட்ரிகஸ் செய்ததைச் செய்யுங்கள். அவருடைய பழைய 16 எம்.எம். கேமராவின் இரைச்சலில் நேரடி ஒலி சாத்தியமில்லை. எனவே ஒவ்வொரு ஷாட்டும் முடிந்தவுடன், அதே இடத்தில், கேமராவை நிறுத்திவிட்டு, நடிகரை வசனத்தைத் திரும்பச் சொல்லவைத்து டேப் ரெக்கார்டரில் பதிந்துகொண்டார். பேச்சின் தாளம் மனதில் ஆறுவதற்குள் சொல்வதால் பெரும்பாலும் உதட்டோடு பொருந்தியது. பொருந்தாத இடத்தில் ஷாட்டை வெட்டி வேறு முகத்துக்குப் போனார். அந்தப் படத்தின் வேகத்தில் ஒரு பங்கு இதனால் வந்தது.

கேமராவும் வெளிச்சமும்

இப்போது கேமரா. அண்மைக்கால செல்போன் போதும். ஷான் பேக்கர் 'டேன்ஜரின்' (2015) படத்தை ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தார். இன்று பலரிடம் அதைவிட நல்ல கேமரா இருக்கிறது. தவறு நடப்பது கருவியைத் தானியங்கியாக விடும்போதுதான். வெளிச்சம், நிறம், ஃபோக்கஸ் மூன்றையும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பூட்டுங்கள். இல்லாவிட்டால் நடிகர் கை நீட்டும்போது பின்னணி வெளுத்துக் கறுக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். டியூப் லைட்டின் துடிப்பு படத்தில் விழாது. செல்போனின் வழக்கமான ஆப், ஃபிரேம் வேகத்தை அதுவாகவே ஏற்றி இறக்கும். அதனால் தனியாகப் பதிந்த ஒலி போகப்போக விலகும். வேகத்தை நிலையாக வைக்கும் ஆப்பைப் பயன்படுத்துங்கள். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம்.

விளக்குகளுக்குச் செலவு வேண்டாம். வெளிக்காட்சிகளைக் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் வையுங்கள். உச்சிவெயிலில் கண்குழிகள் கறுத்துவிடும். உள்ளே, ஜன்னல் பக்கம் நடிகரை நிறுத்தி, மறுபக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தோடு டியூப் லைட்டையும் எரியவிட்டால் முகத்தின் ஒரு பாதி பச்சையடித்துத் தெரியும். ஏதாவது ஒன்றை அணையுங்கள்.

படப்பிடிப்பு நாள்

1. காட்சியை முந்தின வாரமே, கேமரா இல்லாமல், நாடகம் போல முழுதாக ஒத்திகை பாருங்கள். நோலன் ஒத்திகையில் நேரம் செலவிட்டதால்தான் ஃபிலிம் செலவைக் குறைக்க ஒன்றிரண்டு டேக்குகளோடு நிறுத்த முடிந்தது.
2. நடிகர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் கேமரா கோணத்தையும் மைக்கையும் சரிபாருங்கள்.
3. ஒரு நாளைக்கு இரண்டு காட்சிகள், நான்கு மணி நேரம். அதற்கு மேல் கேட்காதீர்கள்.
4. முகம் தெரியும் முக்கிய ஷாட்டுகளை முதலில் எடுங்கள். கை, பொருள், கதவு, தெரு போன்றவற்றை எல்லாரும் போனபின் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.
5. யாரையும் அனுப்பும் முன், எடுத்ததை ஹெட்போனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.
6. சாப்பாடும் பஸ் காசும் உங்கள் பொறுப்பு. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.
7. முகத்தையும் குரலையும் படத்தில் பயன்படுத்தச் சம்மதம் என்று முதல் நாளே கையெழுத்து வாங்குங்கள். இட உரிமையாளரிடமும் அப்படியே. படம் முடிந்தபின் நட்பு முறிந்திருந்தால் இந்தத் தாள்தான் படத்தைக் காப்பாற்றும்.

பாதுகாப்பு: விட்டுக்கொடுக்கக் கூடாதவை

பெரிய படப்பிடிப்பில் ஆபத்தைக் கவனிக்கத் தனி ஆள் இருப்பார். இங்கே கவனிக்க வேண்டிய கண்ணே கேமராவில் ஒட்டியிருக்கிறது. ஆகவே பின்னோக்கி நடந்துகொண்டே எடுக்கும் ஷாட் எதுவானாலும், குறிப்பாக மொட்டை மாடி, சாலையோரம், கிணற்றுமேடு போன்ற இடங்களில், உங்கள் இடுப்பைப் பிடித்து வழிகாட்ட ஒருவர் இல்லாமல் எடுக்காதீர்கள். வண்டி ஓட்டுகிறவர் வசனம் பேசக் கூடாது, நீங்கள் ஓட்டிக்கொண்டே படம் பிடிக்கக் கூடாது. நின்ற வண்டியில் எடுத்து, சத்தத்தையும் ஓடும் காட்சியையும் தனியாகச் சேருங்கள். தண்டவாளம் அனுமதியின்றிப் போகக் கூடாத இடம், எவ்வளவு வெறிச்சோடிக் கிடந்தாலும். மின்கம்பத்திலிருந்து கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது குற்றம், உயிருக்கும் உலை. பொம்மைத் துப்பாக்கியைத் தெருவில் நீட்டினால் பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது. நான்கு சுவருக்குள் வையுங்கள், பக்கத்துக் காவல் நிலையத்தில் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் நடித்தால் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது. சம்பளம் உண்டென்றால் அதில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். சொந்த அக்காள் மகள்தானே என்று இதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

கோப்புகளும் எடிட்டிங்கும்

விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரப் பதிவு 45 ஜி.பி. ஆகும். தொண்ணூறு நிமிடப் படத்துக்கு ஐந்து மடங்கு எடுத்தால் ஏழரை மணி நேரம், ஏறக்குறைய 340 ஜி.பி. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வேறொருவர் வீட்டில். அன்றன்று இரவே இரண்டிலும் ஏற்றி, திறந்து பார்த்து உறுதி செய்தபின்தான் மெமரி கார்டை அழிக்க வேண்டும். ஓராண்டு உழைப்பைச் சேர்த்துவைக்கும் இடம் இது.

டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே இந்தப் படத்துக்குத் தாராளம். எல்லாம் எடுத்து முடித்தபின் உட்காரலாம் என்று வைத்திருக்காதீர்கள். வாரம்தோறும் எடுத்ததை வாரம்தோறும் வெட்டுங்கள். பணமுள்ள படத்துக்குக் கிடைக்காத வசதி உங்களுக்கு இங்கேதான் கிடைக்கிறது: காட்சி நிற்கவில்லை என்று தெரிந்தால் அடுத்த சனிக்கிழமை திரும்ப எடுக்கலாம், கதையையே திருப்பலாம். தனியாளாகச் செய்வதில் உள்ள பெரிய குறை, 'இது புரியவில்லை' என்று சொல்ல ஆளில்லாதது. அதற்காக, முதல் வெட்டை உங்களுக்குக் கடமைப்படாத மூன்று பேருக்குப் போடுங்கள். 'எப்படி இருக்கிறது' என்று கேட்காதீர்கள். கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், எங்கே செல்போனை எடுத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். திரைப்பாட்டை எங்கும் சேர்க்காதீர்கள். டீக்கடை ரேடியோவில் பின்னணியாக ஒலித்தாலும் உரிமை வாங்க வேண்டியிருக்கும். அப்படி ஒலிக்கும் இடத்தில் எடுத்த ஷாட்டே வீணாகும்.

காலமும் காசுதானே?

இந்த வழிக்கு எதிராக வைக்கப்படும் கேள்விகளில் மிகக் கனமானது இதுதான். கூலிக்குப் போனால்தான் சோறு என்கிற ஒருவருக்கு மூன்றாண்டு எங்கிருந்து வரும்? உண்மை. காலம் எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. வீட்டு வேலையும் சேர்ந்த பெண்ணுக்கு இன்னும் குறைவு. ஆனால் இங்கே கேட்பது தொடர்ச்சியான மூன்றாண்டை அல்ல, வாரத்தில் அரை நாளை. 'ஃபாலோயிங்' குழுவில் யாரும் வேலையை விடவில்லை. நீங்களும் விடாதீர்கள். வேலையை விட்டவர் மாதக் கடைசி நெருங்கும்போது அவசரத்தில் எடுப்பார். அவசரம் நேரே மற்றவர்களின் காலத்தில் போய் விழும். கடன் வாங்காதீர்கள், நகையை வைக்காதீர்கள். ரோட்ரிகஸ் பணத்துக்காக மருந்துப் பரிசோதனை ஆய்வகத்தில் தன் உடலைக் கொடுத்துத் தங்கியிருந்ததை வீரக்கதையாகச் சொல்வார்கள். அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. வாரம் அரை நாளும் கிடைக்காத நிலை என்றால், இருபது நிமிடப் படமாகத் திட்டமிடுங்கள். மேலே சொன்ன படிகள் அனைத்தும் அதற்கும் பொருந்தும்.

முடிந்த படத்தை அனுப்புவது

யூடியூபில் ஏற்றுவதற்கு முன் நிதானியுங்கள். பல திரைப்பட விழாக்கள் ஏற்கனவே பொதுவில் வெளியான படத்தை எடுப்பதில்லை. ஆங்கில சப்டைட்டிலை நீங்களே எழுதி, மொழி தெரிந்த ஒருவரிடம் சரிபார்க்கக் கொடுங்கள். பல விழாக்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. இலவசமாகவோ சலுகையிலோ ஏற்கும் விழாக்களை முதலில் பட்டியலிட்டு, கட்டணத்துக்கென ஆரம்பத்திலேயே ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். இந்தியாவில் தியேட்டரில் திரையிடுவதாக இருந்தால் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம். அப்போது புகைபிடிக்கும் காட்சிகளுக்கான எச்சரிக்கை வாசகமும், விலங்குகள் நடித்திருந்தால் விலங்கு நல வாரியத்தின் சான்றும் கேட்பார்கள். விலங்குக்கான அனுமதியை எடுத்து முடித்தபின் வாங்கப் போனால் சிக்கல். ஆகவே கதையில் ஆடோ மாடோ நடிக்க வேண்டியிருந்தால், எழுதும்போதே அந்த விண்ணப்பத்தை நோட்டுப் புத்தகத்துப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.